மூன்று முறை ‘ஒண்ணும் இல்ல’

அத்தியாயம் 5

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணி. பூப்போட்ட துணி முகக்கவசம் அணிந்த ஒரு பெண்மணி, கையில் பிளாஸ்டிக் உறையோடு மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்றார். மூச்சு வாங்கியது.

“வாங்கக்கா. காணாமப் போனது பொருளா, ஆளா, மானமா? மானம்னா கொஞ்சம் நாளாகும்” என்றான் ரேடியோ.

ரேடியோ என்பது பெற்றோர் வைத்த பெயரன்று; அவன் வாய்க்காகத் தெரு வைத்த பெயர். வயது நாற்பத்திரண்டு. அந்த அறைக்குச் சொந்தக்காரி அவனுடைய அண்ணி. அவன் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கீழே ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களிலிருந்து காவல் நிலைய எழுத்தர் வரை எல்லோருக்குமே அவர் அண்ணியாகிவிட்டார். இருபத்தாறு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அச்சகம் மூடிய பிறகு, மனிதர்களின் பிழைகளைத் தேடித் தர இந்த அறையைத் திறந்தார். வாசல் பலகையில் ‘கண்டுபிடித்து தரப்படும்’ என்று எழுதி வந்திருந்ததைப் பார்த்துவிட்டு, முதல் நாளே ஏணி போட்டு ஏறி நடுவில் ஒரு ‘த்’ போட்டவர்.

“அவன் கிடக்கான். நீங்க உக்காருங்கக்கா” என்று அண்ணி சன்னலை அகலத் திறந்துவிட்டு, நாற்காலியைக் காற்றுப் பக்கமாக நகர்த்திப் போட்டார்.

வந்தவர் தையற்காரர். பக்கத்துத் தெருவில் இரண்டு இயந்திரம் வைத்திருக்கிறார். ஒரே மகன். வெளிநாட்டில் கட்டட வேலை. போன சனிக்கிழமை நான்காவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். உயிர் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நாளை காலை எட்டு மணிக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை. பிழைப்பானா, பிழைத்தாலும் நடப்பானா என்பதை அதற்கு முன் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

“அதுக்குள்ள போய் அவன் முகத்தைப் பாத்துடணும் அண்ணி. இன்னிக்குச் சாயங்காலம் ஏழு பத்துக்கு விமானம். வாரத்துக்கு ரெண்டுதான் விடுறாங்களாம். இதை விட்டா செவ்வாய்க்கிழமை.”

“டிக்கெட் இருக்கா?”

“எல்லாம் இருக்கு. கொரோனா டெஸ்ட்டுப் பேப்பர்தான் இல்ல. கிளம்புறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள எடுத்த டெஸ்ட்டா இருக்கணும்னாங்க. புதன்கிழமை காலையில போய் மூக்குல குச்சி விட்டுக்கிட்டேன். ஒரு நாள்ல வந்துடும்னாங்க. எனக்குப் பின்னாடி வந்தவங்க எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் வரலை. மூணு தடவை போன் பண்ணிட்டேன். மூணு தடவையும் இல்லைங்கிறாங்க.”

அவர் உறைக்குள்ளிருந்து ஒரு சிறிய சீட்டை எடுத்தார். 118 என்று எழுதியிருந்தது.

“என் சாம்பிளை வேற யாருக்கோ வித்துட்டாங்க அண்ணி. நோய் இருக்குறவன் எவனோ, என் மூக்கைக் காட்டி விமானம் ஏறிட்டான்.”

“நடக்கக்கூடியதுதான்” என்றான் ரேடியோ. “இந்த ஊர்ல செருப்பு திருடுனாங்க, பூட்டு திருடுனாங்க. மூக்கு ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு.”

அண்ணி சிரிக்கவில்லை. கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிழை தேடப் புறப்படுமுன் அவர் செய்கிற காரியம் அது. அப்போது உதடும் கொஞ்சம் அசையும். கேட்டால் சும்மா என்பார். ஆண்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறார் என்பது ரேடியோவுக்குத் தெரியும்.

“போன்ல யாரு பேசினது?”

“கவுண்டர்ல இருக்கிற ஆளு. மூணு தடவையும் அதே குரல்தான்.”

“அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க. உங்க வார்த்தை வேணாம். அவர் வார்த்தை.”

தையற்கார அக்கா நினைவுபடுத்திக்கொண்டார். “நேத்துக் காலையில, ‘என் டெஸ்ட்டு என்னங்க ஆச்சு’ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, ‘உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா’ன்னாரு. ‘நல்லாப் பாருங்கய்யா’ன்னேன். ‘நல்லாப் பாத்துட்டேன், ஒண்ணுமே இல்ல’ன்னாரு.”

“அப்புறம்?”

“சாயங்காலம் மறுபடி பண்ணேன். ‘இன்னுமா ஒண்ணும் இல்ல’ன்னு கேட்டேன். ‘இல்லவே இல்லம்மா, நிம்மதியாத் தூங்குங்க’ன்னாரு. நான் எங்க தூங்குறது?”

“மூணாவது?”

“இன்னிக்கு எட்டு மணிக்கு. அதுதான் அண்ணி தாங்கலை. சிரிச்சாரு. ‘எத்தனை தடவை கேட்டாலும் இல்லதாம்மா, சந்தோஷமாப் போயிட்டு வாங்க’ன்னு குத்தலா வேற சொன்னாரு. பேப்பரே இல்லாம எங்க போறது? அழுகை வந்துடுச்சு. போனை வச்சிட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு மனசு கேக்காம மறுபடி பண்ணா, யாரும் எடுக்கலை.”

“சிரிச்சாரா?”

“நல்லாவே சிரிச்சாரு.”

அண்ணி எழுந்தார். “தம்பி, டாக்சிக்குச் சொல்லு. அக்கா, உங்க பெட்டி எங்க இருக்கு?”

“கடையில. எதுக்கு அண்ணி?”

“எடுத்துக்குங்க. பேப்பரை வாங்கிட்டு, அப்படியே விமான நிலையத்துக்குப் போகணும்.”

ரேடியோ வாயைத் திறந்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அது வருடத்துக்கு ஒருமுறை நடப்பது.

டாக்சியில் நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னார் அண்ணி. பெட்டியின் மேல் ஒரு துணி மூட்டை இருந்தது. மகன் படுத்திருக்கும் அறையில் பதினான்கு படுக்கைகள். பதினான்கு பேருக்கும் முகக்கவசம் தைத்து எடுத்திருப்பதாக அக்கா சொன்னார். “அவனுக்குப் பக்கத்துப் படுக்கைப் பையன்தான் தண்ணி எடுத்துக் குடுக்குறானாம். அவனுக்குக் கையில கட்டு. இன்னொரு கையால குடுக்குறானாம். அவனுக்கு மட்டும் ரெண்டு தச்சிருக்கேன்.”

ஆய்வுக்கூடம் ஒரு பல் மருத்துவமனைக்கும் கைக்கடிகாரக் கடைக்கும் நடுவில் இருந்தது. கண்ணாடிக் கதவின் குறுக்கே மஞ்சள் நாடா. கதவில் ஒட்டியிருந்த தாளை ரேடியோ உரக்கப் படித்தான்.

“பணியாளர் ஒருவருக்குத் தொற்று உறுதியானதால் கிருமிநீக்கம் செய்யப்படுகிறது. நாளைக் காலை பத்து மணி வரை மூடப்பட்டிருக்கும்.” திரும்பினான். “நோய் பாக்குற இடத்துக்கே நோய். இனி இவங்களைப் பாக்க யாரு வருவாங்களோ.”

தையற்கார அக்கா நடைபாதைத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். “பத்து மணின்னா, அதுக்குள்ள என் பிள்ளையை உள்ளே கொண்டு போயிருப்பாங்களே.”

அண்ணி கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தார். வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர அறைகள், கடிதம் போடுகிற அலமாரி போல. பெரும்பாலும் காலி. ஒவ்வோர் அறையின் கீழும் ஓர் எண்.

“தம்பி, உன் போன்ல பெருசாக்கிப் பாரு. மூணாவது வரிசை.”

ரேடியோ கேமராவை நீட்டினான். “நூத்திப் பதினாறு காலி. பதினேழு காலி. நூத்திப் பதினெட்டு…” குரல் இறங்கியது. “அண்ணி, வெள்ளைக் கவர் ஒண்ணு இருக்கு.”

அக்கா எழுந்து வந்து கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். “வந்துடுச்சா? எப்ப வந்துச்சு?”

“நேத்துக் காலையிலேயே” என்றார் அண்ணி. “முதல் தடவை நீங்க கேட்டப்பவே அதைப் பாத்துட்டுத்தான் அவர் சொன்னாரு. உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு.”

“ஆமா, இல்லன்னுதானே…”

“நம்ம எல்லாரும் டாக்டர் வாயால கேக்க ஆசைப்படுற வார்த்தை அது அக்கா. உங்களுக்கு நோய் ஒண்ணும் இல்ல. நிம்மதியாத் தூங்குங்க, சந்தோஷமாப் போயிட்டு வாங்க. தப்புப் பண்ணின ஆளு ‘தேடிப் பாக்குறேன், அப்புறம் வாங்க’ன்னு இழுப்பான். சிரிக்க மாட்டான். இவரு உங்களுக்காகச் சந்தோஷப்பட்டுச் சிரிச்சிருக்காரு.”

தையற்கார அக்கா மறுபடி அந்த வெள்ளைக் கவரைப் பார்த்தார். பிறகு, “நான் அந்த மனுசனைத் திட்டாத திட்டு இல்லையே” என்றார்.

“அவருக்கு ஒரு மன்னிப்பு பாக்கி. அதை அப்புறம் கேக்கலாம்” என்றான் ரேடியோ. “இப்ப அந்தக் கவருக்கும் நமக்கும் நடுவுல ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு பூட்டு, ஒரு சர்க்கார் நாடா. மத்தபடி கையில கிடைச்ச மாதிரிதான்.”

அப்போது உள்ளே ஓர் உருவம் அசைந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை. முதுகில் மருந்துக் குடுவை. ரேடியோ கண்ணாடியைத் தட்டினான். அந்த ஆள் திரும்பி, கையை ஆட்டிப் ‘போங்க’ என்றார். அண்ணி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்ட வைத்தாற்போல் பிடித்தார்.

‘118. இவர் மகனுக்கு நாளை ஆபரேஷன். இன்று 7 மணி விமானம்.’

வெள்ளை உடைக்காரர் கிட்டே வந்து படித்தார். நாடாவைக் காட்டினார். பூட்டைக் காட்டினார். இரண்டு கையையும் விரித்தார். சாவி அவரிடம் இல்லை. வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு அவர் பார்வை அண்ணியைத் தாண்டித் தையற்கார அக்காவின் மேல் போயிற்று. அக்கா கெஞ்சவில்லை, கைகூப்பவில்லை. கண்ணாடியில் வைத்த கையை எடுக்கவுமில்லை.

அந்த ஆள் குழாயைத் தூக்கிக் கண்ணாடிமேல் மருந்தைப் பீய்ச்சினார். கதவு முழுவதும் பனி மூடினாற்போல் வெளுத்தது. உள்ளேயிருந்து கையுறை அணிந்த விரல் அதில் என்னவோ எழுதியது.

“இது எந்த ஊர் எழுத்து? தலைகீழா இருக்கே” என்றான் ரேடியோ, கழுத்தை ஒடித்துப் பார்த்தபடி. “பின்னாலிருந்து முன்னால… இல்ல, முன்னாலிருந்து…”

“பின் சன்னல், சந்து வழி” என்றார் அண்ணி.

அச்சகத்து ஈய எழுத்துகள் எப்போதும் இடவலம் மாறித்தான் இருக்கும். இருபத்தாறு வருடம் அவற்றைப் படித்த கண்ணுக்கு, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எழுதியதும் இந்தப்பக்கம் எழுதியதும் ஒன்றுதான்.

சந்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கழிப்பறைச் சன்னல். கம்பிகளின் இடையிலிருந்து வெள்ளைக் கை நீண்டது. கவர் பிளாஸ்டிக் பையில் போடப்பட்டு, பை மருந்தில் நனைந்திருந்தது. ரேடியோ எம்பி வாங்கினான்.

“ரொம்ப நன்றி அண்ணே. உங்க பேரு?”

“நான் எதையும் குடுக்கலை, நீங்க எதையும் வாங்கலை” என்றது சன்னல். பிறகு, “அம்மாவைப் பத்திரமாப் போகச் சொல்லுங்க” என்றது.

கவருக்குள் ஒரே ஒரு தாள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், மாதிரி எடுத்த நேரம், முத்திரை. அண்ணி பழக்கத்தால் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். கடைசி வரியில்: தொற்று இல்லை. எங்கும் பிழை கிடையாது. மணி ஒன்றரை.

“எடுத்த காரியம் முடிஞ்சுது” என்றான் ரேடியோ, டாக்சி கதவைத் திறந்து. “ஏறுங்கக்கா. இனி நீங்க வெளிநாட்டுக்காரங்க.”

தையற்கார அக்கா அந்தத் தாளை மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டிருந்தார். மகனிடம் என்ன பேசுவது, முதலில் எதைக் கேட்பது என்று தனக்குள் ஒத்திகை பார்ப்பதுபோல் உதடு அசைந்தது. அவர்கள் பெரிய சாலைக்கு வந்தபோது அவர் கைபேசி ஒலித்தது. புது எண். ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“நூத்திப் பதினெட்டு அம்மாவா?” என்றது ஓர் ஆண் குரல். தொண்டை கட்டியிருந்தது. “நான் லேப் கவுண்டர்ல இருந்தவன். வீட்லேர்ந்து பேசுறேன். பேப்பர் வாங்கிட்டீங்களாம்மா? காலையில வருவீங்கன்னு பாத்தேன், அதுக்குள்ள மூடிட்டாங்க. எனக்கு அதே கவலையா இருந்துச்சு.”

“வாங்கிட்டேன் தம்பி” என்றார் அக்கா. “நீங்க சொன்னது எனக்குப் புரியலை. உங்களைத் தப்பா நினைச்சிட்டேன். மன்னிச்சுக்குங்க.”

“அய்யய்யோ, அதெல்லாம் எதுக்கும்மா.” இருமல் வந்தது. இருமி முடிக்கும்வரை மூவரும் காத்திருந்தார்கள். “அம்மா, இன்னொண்ணு சொல்லணும். எங்க ஆளுங்களுக்கும் வாராவாரம் டெஸ்ட் எடுப்பாங்க. காலையில ஒன்பது மணிக்கு வந்துச்சு. எனக்கு இருக்குதாம்.”

“ஐயோ. பாத்துக்குங்க தம்பி.”

“புதன்கிழமை உங்களுக்கு ஃபாரம் படிக்க வரலைன்னு, நான் வெளிய வந்து பக்கத்துல உக்காந்து எழுதிக் குடுத்தேன். ஞாபகம் இருக்கா? அரை மணி நேரம் இருக்கும். முகக்கவசத்தை இறக்கிட்டுப் பேசினேன், உங்களுக்குக் கேக்கலைன்னு. மத்த எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம்தான். உங்க ஒருத்தர்கிட்டதான் அப்படி உக்காந்தேன்.” குரல் நின்று மறுபடி வந்தது. “பேப்பர்ல இருக்கிறது புதன்கிழமை நிலைமைம்மா. இன்னிக்கு நிலைமை எனக்குத் தெரியாது. சொல்லாம இருக்க முடியலை.”

அக்கா கைபேசியை மடியிலிருந்த தாளின் மேல் வைத்தார்.

ஓர் உதவியிலிருந்து நன்மைதான் விளையும் என்று அண்ணி வாழ்நாள் முழுக்க நம்பியவர். அந்த மனிதர் செய்தது உதவி. நூறு பேர் நின்ற வரிசையில், எழுத்துத் தெரியாமல் விழித்த ஒருத்திக்காக எழுந்து வெளியே வந்தார். அந்த அரை மணி நேரம் இப்படி வந்து வழியை மறிக்கும் என்று யார் நினைத்தார்கள்? அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உதடு அசைந்தது. இந்த முறை நெடுநேரம் அசைந்தது. துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

விமான நிலைய வாசலில் வரிசை குட்டையாக இருந்தது. முன் மேசையில் ஒரு பெண் அதிகாரி, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தகடு. சோதனைத் தாளைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். நேரத்தை விரல் விட்டு எண்ணினார். தலையசைத்தார். “எல்லாம் சரியா இருக்கும்மா. இந்த ஃபாரத்தை மட்டும் எழுதிக் குடுத்துட்டு உள்ள போங்க.”

தையற்கார அக்கா ஃபாரத்தோடு தடுப்புக் கம்பிக்கு வந்தார். அந்தப்பக்கம் அண்ணியும் ரேடியோவும் தள்ளி நின்றார்கள். “இதுல என்ன இருக்குன்னு படிங்க அண்ணி.”

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்ட நின்றே படித்தார். காய்ச்சல் உண்டா? இல்லை. இருமல் உண்டா? இல்லை. நாக்கில் சுவை தெரியாமல் போனதுண்டா? இல்லை. ஒவ்வொன்றுக்கும் அக்கா ‘இல்லை’யில் குறி போட்டுக்கொண்டே வந்தார். நான்காவது கேள்விக்கு அண்ணியின் குரல் தாழ்ந்தது.

“தொற்று உள்ளவர் யாரோடயாவது, பதினாலு நாளுக்குள்ள, பக்கத்துல இருந்தீங்களா?”

பேனா நின்றது.

“அக்கா” என்றான் ரேடியோ. அவன் குரலில் கேலி கிடையாது. “அந்த ஆளு போன் பண்ணாம இருந்திருந்தா உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? தெரியாத மாதிரியே எழுதுங்க. ஒரு குறிதானே. இத்தனை குறி போட்டீங்க.”

“நீங்க சொல்லுங்க அண்ணி. என்ன எழுதட்டும்?”

அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டார். மற்றவர் எழுதியதைத் திருத்துவதே அவருக்குப் பிழைப்பு. இங்கே எது பிழை, எது சரி என்று அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் அதைச் சொல்கிற வாய்க்கு ஒரு மகன் அந்த ஊரில் படுத்திருக்கவில்லை.

“நான் சொல்லக் கூடாது அக்கா. எனக்கு அந்த யோக்கியதை இல்ல. எதை எழுதினாலும் எழுதுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்.”

அக்கா தன் பெட்டிமேலிருந்த துணி மூட்டையைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார்.

“பதினாலு படுக்கை” என்றார், யாரிடமும் இல்லாமல். “அந்தப் பையன் ஒத்தைக் கையால தண்ணி குடுக்குறான்.”

ஒரு குறி போட்டார். அதைப் பார்க்க அண்ணிக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. இத்தனை நேரம் குறிகள் ஒரே நேர்கோட்டில் இறங்கி வந்தன. கடைசிக் குறி மட்டும் எதிர்ப்பக்கம் தள்ளி விழுந்திருந்தது.

அதிகாரி ஃபாரத்தை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். சோதனைத் தாளையும் அக்காவின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “அம்மா, தெரிஞ்சுதான் எழுதினீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

“எதுக்காகப் போறீங்க?”

அக்கா சொன்னார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் தகட்டுக்குப் பின்னால் தலைகுனிந்திருந்தார். விதியை அவர் எழுதவில்லை; அதை மாற்றவும் அவரால் முடியாது. “திங்கட்கிழமை மறுபடி டெஸ்ட் எடுங்கம்மா. சரியா வந்தா செவ்வாய்க்கிழமை விமானத்துல உங்க இடம் இருக்கும். நானே இப்ப எழுதி வைக்கிறேன். அன்னிக்கு நான்தான் இங்க இருப்பேன். வரிசையில நிக்காதீங்க, நேரா என்கிட்ட வாங்க.” எழுந்து போய், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே தூக்கிவந்து, கம்பி ஓரமாகத் தனியே போட்டார். “உக்காருங்கம்மா. அவசரமில்ல.”

அதற்கு மேல் யாரும் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. உள்ளே, பெட்டிகள் ஏறிச் செல்லும் பட்டை காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோ எதுவும் பேசவில்லை; ஒரே நாளில் இரண்டாவது முறை.

நாலு மணிக்கு அக்காவின் கைபேசி ஒலித்தது. மகன். எடுக்குமுன் அவர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார், முகம் தெரியும் என்பதுபோல. ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“உள்ள போயிட்டியாம்மா?”

“இல்லடா. செவ்வாய்க்கிழமைதான் வருவேன் போலிருக்கு. ஏதோ பேப்பரு.”

மறுமுனையில் யாரோ ஒருவர் தள்ளுவண்டி உருட்டிப் போவது கேட்டது.

“ஏம்மா, உனக்கு உடம்புக்கு ஏதாவது…”

“எனக்கு ஒண்ணும் இல்லடா. உனக்கு எப்படி இருக்கு? பயமா இருக்கா?”

“சே. எனக்கும் ஒண்ணும் இல்லம்மா. நீ நிம்மதியாத் தூங்கு.”

ரேடியோ மெல்ல அண்ணியின் பக்கம் சாய்ந்தான். “அண்ணி, இது எந்த ‘ஒண்ணும் இல்ல’?”

அண்ணிக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியில் இருந்தவருக்கும் தெரிந்திருந்தது.